உளவியலில் பட்டப்பின்படிப்பு: வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவருக்குத் தரவரிசை எவ்வளவு உதவும்?

உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகள் வெளியாகும் நாட்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்து இளைஞர்களின் முகநூலில் வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் விளம்பரங்கள் நிறைந்துவிடும். ‘உலகின் முதல் 200 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகம், உளவியல் எம்.எஸ்சி., ஒரே வருடம்’ என்று போட்டிருப்பார்கள். கனடாவில் இருக்கும் சித்தி தொலைபேசியில் ‘போறதெண்டா நல்ல கம்பஸா பார்த்துப் போ’ என்பார். நல்ல கம்பஸ் எது என்று சொல்ல அருகில் ஆள் இல்லாதபோது, பட்டியலில் மேலே இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வருவது இயல்புதான்.

வேறு சில துறைகளில் அந்த முடிவால் பெரிய சேதம் வராமல் போகலாம். உளவியலில் வரும். படித்து முடித்தபின் ஒருவருக்குச் சிகிச்சை வழங்கச் சட்டம் இடம் கொடுக்குமா என்பது, நீங்கள் சேர்ந்த குறிப்பிட்ட பாடநெறிக்கு என்ன அங்கீகாரம் இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை அங்கே எவரும் கேட்பதில்லை. உலகின் முதல் பத்துக்குள் இருக்கும் ஓரிடத்தில் ஒரு வருட எம்.எஸ்சி. முடித்தவர் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாமல் நிற்கலாம். பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர் பதிவு பெற்று வேலையைத் தொடங்கியிருப்பார்.

யார் யார் என்ன செய்கிறார்கள்

வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் ஒரே நாளில் பலவகையானவர்களைச் சந்திக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ‘மனநல டொக்டர்’ போலவே தெரிவார்கள். படிப்பைத் தெரிவு செய்யுமுன் இவர்களைப் பிரித்தறிய வேண்டும்.

1. மனநல மருத்துவர்: மருத்துவம் படித்து, அதன்பின் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுவார். உளவியல் பட்டத்தால் இந்த இடத்துக்கு வர முடியாது.

2. மருத்துவ உளவியலாளர்: உளவியலில் பட்டம் பெற்று, பிறகு நோயாளிகளுடன் மேற்பார்வையின் கீழ் நீண்ட பயிற்சி பெற்றவர். மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் இவருடைய வேலை. இலங்கையில் இதற்கு வழமையான பாதை மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி, அதாவது எம்.பில். பட்டம்.

3. உளவளத்துணையாளர்: பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் நாம் அதிகம் காண்பவர் இவர்தான். டிப்ளோமா முதல் முதுமாணி வரை பல மட்டங்களில் படித்தவர்கள் இந்தப் பெயரில் இருக்கிறார்கள்.

4. உளசமூகப் பணியாளர்: வீடு தேடிப் போவது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்ப்பது, தேவையானவரை வைத்தியசாலைக்கு அனுப்புவது இவருடைய பணி.

5. ஆய்வு உளவியலாளர்: நினைவாற்றல், குழந்தை வளர்ச்சி, சமூக நடத்தை போன்றவற்றை ஆராய்பவர். பல்கலைக்கழகத்தில் கற்பிப்பார். இவருக்குச் சிகிச்சை உரிமம் தேவையில்லை.

இந்த ஐந்தில் எது என்று தெரியாமல் ‘உளவியலில் மாஸ்டர்ஸ்’ என்று தேடத் தொடங்கினால் முகவர் காட்டும் வழியில்தான் போய் நிற்போம். தரவரிசை ஓரளவு உதவக்கூடியது ஐந்தாவது வகைக்கு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மிகக் குறைவாகவே உதவும்.

பட்டியல் எப்படி உருவாகிறது

அமெரிக்காவின் யூ.எஸ். நியூஸ் என்ற செய்தி நிறுவனம் வெளியிடும் உளவியல் பட்டப்பின்படிப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பலரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். மாணவர்கள் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு உரிமம் கிடைத்தது, பேராசிரியர் எத்தனை மாணவரைக் கவனிக்கிறார் என்ற எதுவும் அதற்குள் இல்லை. உளவியல் துறைத் தலைவர்களுக்கும் பட்டப்பின்படிப்பு இயக்குநர்களுக்கும் ஒரு வினாக்கொத்து போகிறது. அதில் மற்றப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி இட வேண்டும். 5 என்றால் மிகச்சிறப்பு, 1 என்றால் மிகக் குறைந்த தரம். அந்தப் புள்ளிகளின் சராசரிதான் தரவரிசை ஆகிறது. மருத்துவ உளவியலுக்குத் தனிப் பட்டியல் உண்டு; முறை அதேதான்.

அந்த வினாக்கொத்தை நிரப்பும் பேராசிரியரின் இடத்திலிருந்து பாருங்கள். பத்து, இருபது துறைகளை அவருக்கு நன்றாகத் தெரியும்; அங்கே அவருடைய நண்பர்களும் பழைய மாணவர்களும் இருப்பார்கள். மீதிப் பெயர்களைப் பற்றி அவரிடம் இருப்பது கேள்வியறிவு மட்டுமே. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் என்றால் உளவியல் துறையும் நன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் புள்ளி இடுவார். போன முறைப் பட்டியலில் மேலே இருந்ததும் அவர் நினைவில் இருக்கும். இப்படித்தான் புகழ் புகழையே வளர்க்கிறது.

இன்னொரு சிக்கல், புள்ளிகளின் நெருக்கம். எடுத்துக்காட்டாக 4.0 பெற்ற துறை இருபதாம் இடத்திலும் 3.7 பெற்றது நாற்பதாம் இடத்துக்கு அருகிலும் வரலாம். வாசிப்பவர் கண்ணுக்கு இருபது இடம் பெரிய பள்ளம் போலத் தெரியும். உள்ளே இருப்பது தசம மூன்று வித்தியாசம், அதுவும் அபிப்பிராயத்தில்.

உலகப் பட்டியல்கள் வேறு வகையில் இயங்குகின்றன. கியூ.எஸ். நிறுவனம் தனது 2024 பதிப்பில் கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு 30 சதவீதமும் வேலை கொடுப்போரிடையே உள்ள நற்பெயருக்கு 15 சதவீதமும் கொடுத்தது. கிட்டத்தட்ட பாதி மதிப்பெண் நற்பெயருக்கே போய்விடுகிறது. 2003இல் தொடங்கிய ஷாங்காய் பட்டியலில் நோபல் பரிசும் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவர்களுக்கு 10 சதவீதம், அப்பரிசுகள் பெற்ற ஆசிரியர்களுக்கு 20 சதவீதம். உளவியலுக்கு நோபல் பரிசே கிடையாது. உளவியலாளரான டேனியல் கானமன் 2002இல் பெற்றது பொருளியலுக்கான பரிசு. அந்தப் பட்டியலில் ஒரு பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து அதன் உளவியல் வகுப்பறையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? இந்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. பொறியியல், மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் என்று பிரிவுகள் உண்டு. உளவியலுக்கென்று பிரிவு இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்று ‘என்.ஐ.ஆர்.எஃப்.இல் இத்தனையாம் இடம்’ என்று விளம்பரம் செய்தால், அந்த இடம் உளவியல் துறைக்குக் கிடைத்ததல்ல என்பதை மனதில் வையுங்கள்.

தரவுகளும் எப்போதும் நம்பத்தக்கவையாக இருப்பதில்லை. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் தரவரிசைக்குக் கொடுத்த எண்கள் சரியில்லை என்று அதே பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தடேயஸ் 2022இல் ஆதாரத்துடன் காட்டினார். சில தரவுகள் பிழை என்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. யூ.எஸ். நியூஸின் தேசியப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது, அந்த ஆண்டே 18ஆம் இடத்துக்கு இறங்கியது. கற்பித்தலில் அந்த ஒரு வருடத்தில் எந்த வீழ்ச்சியும் இல்லை. இன்னொரு பக்கம், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023இல் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசைக்குத் தரவு கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகம் 2024இல் அதே முடிவை அறிவித்தது. பட்டியலில் பெயரைக் காணவில்லை என்றவுடன் தரமில்லை என்று தள்ளிவிட இனி முடியாது.

பட்டம் வேறு, உரிமம் வேறு

நம்மவர்கள் அதிகம் நாடும் நாடுகளில் நிலைமை இது.

1. பிரித்தானியா: ‘மருத்துவ உளவியலாளர்’ என்ற பதவிப்பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது. எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அந்தப் பதிவுக்கு வழி மூன்று வருட மருத்துவ உளவியல் கலாநிதிப் பட்டம். முகவர் விற்கும் ஒரு வருட எம்.எஸ்சி. அந்தக் கதவைத் திறக்காது. சில எம்.எஸ்சி.கள் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவை. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரை உளவியல் பட்டதாரிக்குச் சமமாக்கும் ‘மாற்றுப் பாடநெறிகள்’ அவை. அது ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

2. அவுஸ்திரேலியா: அங்கே ‘உளவியலாளர்’ என்ற பெயரே பாதுகாக்கப்பட்டது. முதல் நான்கு வருடப் படிப்பும் அங்கீகாரம் பெற்ற தொடராகவோ அதற்குச் சமமாக மதிப்பிடப்பட்டதாகவோ இருக்க வேண்டும். நான்கு வருடப் படிப்புடன் இரண்டு வருட மேற்பார்வைப் பணி செய்து பதியும் பழைய வழி 2022இல் புதியவர்களுக்கு மூடப்பட்டது. பழைய இணையப் பக்கங்களை வாசித்துத் திட்டமிடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. அமெரிக்கா: உளவியலாளர் உரிமத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் கலாநிதிப் பட்டம் வேண்டும். மருத்துவ உளவியல், உளவளத்துணை, பாடசாலை உளவியல் ஆகியவற்றில் அமெரிக்க உளவியல் சங்கத்தின், அதாவது ஏ.பி.ஏ.இன் அங்கீகாரம் முக்கியம். முதுமாணியுடன் நிற்க விரும்புபவர் பார்க்க வேண்டியது உளவளத்துணை முதுமாணியை. அதற்குத் தனி உரிமம் உண்டு. பொதுவான உளவியல் எம்.ஏ. இரண்டிலும் சேராது.

4. கனடா: உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்ராறியோவில் உளவியலாளர்களுக்கு ஓர் அமைப்பு, உளச்சிகிச்சையாளர்களுக்கு இன்னோர் அமைப்பு. சித்தி வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று கணக்குப் போடுபவர், எந்த மாகாணம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

5. இந்தியா: மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வுப் பேரவையான ஆர்.சி.ஐ.இன் பதிவு வேண்டும். எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் மட்டும் போதாது, ஆர்.சி.ஐ. அங்கீகரித்த மருத்துவப் பயிற்சிப் பாடநெறி தேவை. எம்.பில். பட்டத்தை இந்தியா கைவிட்டு வருவதால் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சேரும் ஆண்டில் நடைமுறையில் உள்ள விதியைத்தான் பார்க்க வேண்டும்.

6. இலங்கை: வெளிநாட்டுப் பட்டத்துடன் திரும்புபவரிடம் முதலில் கேட்கப்படுவது, அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பது. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேடும் பன்னாட்டுப் பல்கலைக்கழகக் கையேடும் இதற்கு அடிப்படை. தரவரிசையை யாரும் கேட்பதில்லை. அடுத்தது, இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டம் எந்த மட்டம் என்ற கேள்வி. அதில் 12 மட்டங்கள். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வும் சேர்ந்தது 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை எண்ணியிருப்பவருக்கு 9க்கும் 10க்கும் உள்ள இடைவெளி பெரியது. அரச வேலை என்றால் வர்த்தமானியில் அந்தப் பதவிக்கு என்ன தகைமை கேட்டிருக்கிறார்கள் என்பதை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். வைத்தியசாலையில் வேலை செய்ய நினைப்பவர் உங்கள் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று இலங்கை மருத்துவ சபையிடம் சேருமுன்பே எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்திருப்பது நல்லது.

கொழும்பிலிருந்தபடியே வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் நிறுவனங்கள் பற்றியும் ஒன்று. தாய்ப் பல்கலைக்கழகத்தின் பாடநெறிக்கு அங்கீகாரம் இருந்தால் கொழும்பில் நடக்கும் வகுப்புக்கும் அது உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழில்சார் அங்கீகாரம் பாடநெறிக்கும் அது நடக்கும் இடத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது.

யாரிடம் படிக்கப்போகிறீர்கள்

ஆய்வுப் பட்டத்துக்குப் போகிறவருக்குப் பல்கலைக்கழகத்தைவிட மேற்பார்வையாளர் முக்கியம். அமெரிக்கக் கலாநிதிப் பட்ட அனுமதியில் இது வெளிப்படையாகவே நடக்கிறது: இந்த ஆண்டு எந்தப் பேராசிரியர் மாணவரை எடுக்கிறார் என்று துறைப் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். உங்கள் ஆர்வம் அவருடைய ஆய்வோடு பொருந்தாவிட்டால் எத்தனை ஏ எடுத்திருந்தாலும் இடம் கிடைப்பது கடினம்.

வன்னியிலிருந்து போகிறவருக்கு இது இன்னும் ஆழமான விடயம். நம் மண்ணில் ஆராய வேண்டியவை நம் கண்முன்னே இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வருடக்கணக்காக வாழும் நிலையை உளவியலில் ‘தெளிவற்ற இழப்பு’ என்கிறார்கள். பொலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இந்தக் கருத்தை உருவாக்கினார். மரணத் துயருக்கான சிகிச்சையை அப்படியே எடுத்து இந்தத் தாய்மாருக்குக் கொடுக்க முடியாது. ‘முடிந்தது’ என்று ஏற்கச் சொல்வதே அவர்களுக்குத் துரோகமாகப் படும். இதை ஆராய விரும்பும் மாணவருக்கு, மூளைப்படமெடுப்பில் உலகின் முதலிடத்தில் நிற்கும் துறை எந்த வகையில் உதவும்?

நம் பகுதியைப் பற்றி வந்த முக்கியமான ஆய்வுகளின் பின்னணியைப் பார்த்தாலும் இதே பாடம்தான். வன்னியின் இறுதிப் போரில் இடம்பெயர்ந்தோரின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய ஆய்வு 2010இல் வெளியானது. தனி மனிதருக்கு நோய்ப்பெயர் கொடுப்பதோடு நில்லாமல் குடும்பமும் ஊரும் உடைந்ததை அது சேர்த்துப் பார்த்தது. அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர். போராலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்குச் சிறுவர்களிடம் இரண்டு சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அதை நடத்தியவர்கள் ஜெர்மனியின் பீலஃபெல்ட், கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழுவினர். நிகழ்ந்ததைக் கதையாகச் சொல்ல வைக்கும் முறையிலும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையிலும் பிள்ளைகள் தேறினார்கள். முகவர்களின் விளம்பரங்களில் இந்த இரண்டு ஜெர்மன் பெயர்களையும் காண்பது அரிது. போர்க்கால மனவடு பற்றிப் படிக்க விரும்புபவர் முதலில் எழுதிப் பார்க்க வேண்டிய இடங்களில் அவையும் சேரும்.

ஆகவே தேடலை மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு அக்கறையான விடயத்தில் கடந்த ஐந்து வருடங்களில் வந்த நல்ல கட்டுரைகள் சிலவற்றைக் கூகுள் ஸ்கொலரில் எடுங்கள். யார் எழுதியது, எங்கே இருக்கிறார், கூட எழுதிய மாணவர்கள் இப்போது எங்கே என்று பாருங்கள். விண்ணப்பிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

எந்த மொழியில், எந்த நோயாளிகளோடு பயிற்சி

சிகிச்சையைப் புத்தகத்தால் கற்க முடியாது. மேற்பார்வையின் கீழ் எத்தனை மணிநேரம் உண்மையான மனிதர்களோடு இருந்தீர்கள் என்பதே பயிற்சியின் கனம். ஒரு தரவரிசையும் இதை அளப்பதில்லை.

முல்லைத்தீவின் மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தலையிடி, நெஞ்சு படபடப்பு, இரவில நித்திரை இல்லை’ என்பார். மகனைப் பற்றி முதல் சந்திப்பில் ஒரு சொல்லும் வராது. மூன்றாம் முறை வரும்போது, எழும்பிப் போகிற நேரத்தில், மகன் விரும்பிச் சாப்பிட்டது ஏதாவதொன்றைச் சொல்லுவார். அந்த இடத்தில் பேசாமல் இருப்பதா, கேட்பதா, அவரை மீண்டும் உட்காரச் சொல்வதா? இதை மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்துதான் பழக்க முடியும். ஆங்கிலத்தில் மட்டும் பயின்று, இருபது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தமிழாக்கி வாசிக்கத் தெரிந்த ஒருவர் இங்கே வந்தால் திகைத்துத்தான் நிற்பார்.

வெளிநாட்டில் படிக்கவே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. ஆய்வு முறைகளும் சிகிச்சை முறைகளின் ஒழுக்கமும் அங்கே நன்றாகக் கிடைக்கும். விண்ணப்பிக்குமுன் துறையிடம் கேட்கக்கூடியவை சில உண்டு:

1. மாணவர் படிப்பு முடியுமுன் நேரடி நோயாளர் சந்திப்பு எத்தனை மணிநேரம், மேற்பார்வை எத்தனை மணிநேரம்?

2. உள்ளகப் பயிற்சியைத் துறை ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா? வெளிநாட்டு மாணவருக்கு அதில் தடை உண்டா?

3. அகதிகள், குடிபெயர்ந்தோர், போரால் பாதிக்கப்பட்டோருடன் பயிற்சி இடங்கள் இருக்கின்றனவா? ரொறொன்ரோ, லண்டன் போன்ற நகரங்களில் தமிழில் பேசும் நோயாளிகளோடு பயிலும் வாய்ப்பு உண்டா?

4. ஆய்வேட்டுக்கான தரவை வன்னியில் சேகரிக்கலாமா? ஒழுக்கநெறி அனுமதி எப்படிப் பெறுவது?

தெளிவாகப் பதில் எழுதும் துறையையும் கையேட்டின் இணைப்பை மட்டும் அனுப்பும் துறையையும் ஒப்பிட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற கலாநிதிப் பாடநெறிகள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடம் எடுத்தது, உள்ளகப் பயிற்சி எத்தனை பேருக்குக் கிடைத்தது, உரிமம் பெற்றவர் விகிதம் என்ன, செலவு எவ்வளவு என்பவற்றைத் தங்கள் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும். பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. தரவரிசை மறைக்கும் அத்தனையும் அந்த ஓர் அட்டவணையில் இருக்கிறது.

பணம்

அமெரிக்காவில் பிஎச்.டி. வழியில் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதப்படியும் கிடைக்கும். சை.டி. (Psy.D.) என்று அழைக்கப்படும் தொழில்சார் கலாநிதிப் பட்டத்தில் பெரும்பாலும் மாணவரே கட்ட வேண்டியிருக்கும். பிரித்தானிய ஒரு வருட எம்.எஸ்சி.க்கும் சொந்தப் பணம்தான், புலமைப்பரிசில் இல்லாவிட்டால். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவம் 2,800 மணிநேரம் கேட்பார்கள், படிப்பு முடிந்தபின் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்திலோ பிரதேச செயலகத்திலோ இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

வயலை ஈடு வைத்து, அல்லது அக்காவின் நகையை வைத்து ஒரு வருட எம்.எஸ்சி.க்குப் போவது பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டத்தால் எந்தப் பதிவும் கிடைக்காது என்று தெரிந்தபின்னும் பல்கலைக்கழகத்தின் இடத்தை மட்டும் பார்த்து அந்தக் கடனை எடுக்க வேண்டாம்.

தரவரிசை உண்மையிலேயே பயன்படும் இடங்கள்

சில இடங்களில் அந்த எண்ணுக்கு நேரடி விலை உண்டு. பிரித்தானியா 2022இல் தொடங்கிய ‘உயர்திறன் தனிநபர்’ விசா, முன்னணி உலகத் தரவரிசைகளில் மேலே உள்ள, பிரித்தானியாவுக்கு வெளியிலான பல்கலைக்கழகங்களில் படித்தவர்களுக்கானது. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் சிலவற்றிலும் பல்கலைக்கழகத்தின் இடம் நிபந்தனையாக வரும். விரிவுரையாளர் வேலைக்குப் போகும் ஆய்வு மாணவருக்கு, பெயர் பெற்ற துறை நல்ல தொடர்புகளைத் தரும் என்பதும் உண்மை. இவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் தரவரிசையைக் கணக்கில் எடுங்கள். அப்போதும் உலகப் பட்டியலை விட்டுவிட்டுப் பாடவாரியான பட்டியலைப் பாருங்கள். ஒரே ஆண்டின் எண்ணை நம்பாமல் ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள்.

காலக்கணக்கு

அமெரிக்கக் கலாநிதிப் பாடநெறிகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் நாளையொட்டி முடியும். பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதை அதற்கு முந்திய ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே தொடங்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவிடமும் மருத்துவ சபையிடமும் எழுத்தில் பதில் வாங்க நாளெடுக்கும், ஆகவே அதை அதற்கும் முன்பே செய்யுங்கள். உதவித்தொகையுடன் அமெரிக்காவில் இடம் கிடைத்து, ‘இரண்டு நாளில் சம்மதம் சொல்’ என்று ஒரு பல்கலைக்கழகம் அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். அங்குள்ள பட்டப்பின்படிப்புக் கழகங்களின் பேரவையில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கைச்சாத்திட்ட உடன்பாட்டின்படி, அத்தகைய அழைப்புக்குப் பதில் சொல்ல மாணவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு.